ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே எதற்கு பிசியோ?

உறவினர் வீடுகளுக்குப் போகும்போது கவனித்திருப்பீர்கள். ஃபிரிட்ஜின் மேலோ, டிவி ஸ்டாண்டின் ஓரத்திலோ ஒரு பிளாஸ்டிக் சாமான் தூசி படிந்து நிற்கும். ஒட்டினாற்போல் மூன்று குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பந்து, பக்கத்தில் வளைந்து தொங்கும் ஒரு ட்யூப். அந்த வீட்டுப் பெரியவர் யாரோ ஆபரேஷனுக்கோ நிமோனியாவுக்கோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பியிருக்கிறார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பேரப்பிள்ளைகள் அதை எடுத்து 'உப் உப்' என்று ஊதிக்கொண்டிருப்பார்கள். தாத்தாவும் வார்டில் அதை அப்படி ஊதித்தான் பார்த்திருப்பார்.

ஊதினால் அதில் ஒரு பயனும் இல்லை. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதுபோல மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். முதலில் மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டுவிட்டு, ட்யூபின் வாயை உதடுகளால் இறுக மூடிக்கொண்டு, மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். முதல் பந்து எழும்பும். அதை அங்கேயே மிதக்க விடும் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருந்து, முடிந்ததும் இரண்டு மூன்று விநாடி மூச்சைப் பிடித்து, ட்யூபை எடுத்துவிட்டு வெளியே விட வேண்டும். குழாய்களில் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். விநாடிக்கு எத்தனை மில்லி காற்று உள்ளே போகிறது என்ற வேகக் கணக்கு அது. மூன்று பந்தையும் ஒரே இழுப்பில் சர்ரென்று தூக்கிக் காட்டுகிறவரைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் மெச்சுவார்கள். ஆனால் அந்த அரை விநாடி வேகத்தில் நுரையீரலின் அடிப்பகுதிவரை காற்று சரியாகப் போவதில்லை. ஒரே பந்தை நிதானமாக நிறுத்தி வைக்கிறவர்தான் சரியாகச் செய்கிறார்.

யார் கொடுத்தது என்று கேட்டால், "எக்சர்சைஸ் கொடுக்க ஒரு பொண்ணு வருமே, அது கொடுத்துச்சு" என்பார்கள். அந்தப் பெண்தான் பிசியோதெரபிஸ்ட். அரசு மருத்துவமனைப் பலகைகளில் 'இயன்முறை சிகிச்சை' என்று இருக்கும். முழங்கால் வலிக்கு மெஷின் வைக்கிற இடம், விளையாட்டு வீரர்கள் போகிற இடம் என்றுதான் நம்மில் பலருக்கும் அதைத் தெரியும். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் 80 வயதுக்காரரின் கட்டிலருகே பிசியோதெரபிஸ்டுக்கு என்ன வேலை?

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் என் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது 76. இடுப்பு மூட்டில் முறிவு. மூட்டின் பந்துப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து நின்று, "அம்மாவை உட்கார வைக்கலாமா சார்?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி முழுக்க வலியில் முனகிவிட்டு அப்போதுதான் பெரியம்மா கண் அசந்திருந்தார். "நேத்துதாம்மா ஆபரேஷன். நாளைக்கு வாங்களேன்" என்று அனுப்பிவிட்டேன். மதியம் திரும்ப வந்தார். "எலும்பை டாக்டர் பாத்துக்கிட்டாரு சார். நான் எலும்புக்காக வரல, மத்ததுக்காக வந்திருக்கேன்" என்றார்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த 'மத்தது' பற்றித்தான்.

படுக்கையும் ஒரு மருந்து

எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு என்று நமக்குத் தெரியும். படுக்கைக்கும் உண்டு என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை. 'நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்' என்பது நம் ஊரில் அன்பின் மொழி.

2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சராசரியாக 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத, நடமாட்டமான 11 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. பத்தாவது நாள் அளந்தபோது, இரண்டு காலிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ சதை போயிருந்தது. காய்ச்சல் இல்லை, கிருமி இல்லை, ஆபரேஷன் இல்லை, சும்மா படுத்திருந்ததற்கே இது. நோயோடு படுத்திருப்பவருக்கு நோயும் தன் பங்குக்குச் சதையைக் கரைக்கும்.

இளைஞர்களையும் படுக்கை விட்டுவைப்பதில்லை. 1966-இல் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அதே ஐவரை முப்பது வருடம் கழித்து, அவர்களுக்கு ஐம்பது வயதானபோது மறுபடி சோதித்தார்கள். உடல் உழைப்புக்கு இதயமும் தசைகளும் ஈடுகொடுக்கும் திறன், முப்பது வருட வயதேற்றத்தில் குறைந்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கையில்தான் அதிகமாகக் குறைந்திருந்தது. 'பத்து நாள் படுக்கை பத்து வருட முதுமைக்குச் சமம்' என்று ஒரு வாசகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு கறாராகச் சொல்ல ஆய்வில் இடமில்லை. அப்படி மிகைப்படுத்தவும் தேவையில்லை, உள்ள கணக்கே போதும்.

இருபது வயதுக்காரர் இழந்ததை மீட்டுக்கொள்வார். பெரியவர்களுக்கு ஏன் அது கடினம் என்றால், அவர்கள் வண்டி ஏற்கெனவே ரிசர்வில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஓர் இளைஞனுக்குத் தொடையின் பலத்தில் ஒரு பகுதி போதும். 78 வயதில் தசை மெலிந்தவருக்கு, இருக்கிற பலம் ஏறக்குறைய மொத்தமும் அதற்கே வேண்டும். வீட்டில் அவர் கைப்பிடியை ஊன்றி 'ம்ம்' என்று ஒரு முனகலோடு எழுந்துகொண்டிருந்தார், நமக்குத் தெரியவில்லை. அதில் கொஞ்சம் குறைந்தால் போதும், எழ முடியாது. எழ முடியாவிட்டால் கழிவறைக்குப் போக முடியாது. அதற்கப்புறம் டயாபர், ஆள் துணை, 'படுத்த படுக்கை'. நிமோனியா மாத்திரையில் குணமாகி இருக்கும். மனிதர் மட்டும் வேறொருவராக வீடு திரும்புவார்.

சதை மட்டும் இல்லை. படுத்தே இருக்கும்போது வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) மேலே தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும். அதற்குத்தான் அந்த மூன்று பந்து. ஆனால் பந்தை மட்டும் நம்பிப் பயனில்லை. எழுந்து உட்கார்ந்தாலே நுரையீரல் தானாக விரியும். கெண்டைக்கால் தசை வேலை செய்யாவிட்டால் கால் ரத்தம் மேலே ஏறாமல் மந்தமாகி உறையலாம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 'பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்க' என்று மணிக்கொருமுறை சொல்வது இதற்காக. மலச்சிக்கல், பசியின்மை, முதுகின் அடியில் படுக்கைப்புண் எல்லாம் இதே வேரில் முளைப்பவைதான்.

இந்த விஷயம் ஒன்றும் புதிதல்ல. 1935-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்டது. மொத்தம் 714 பேர். பலர் ஆண்டுக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்காதவர்கள். 'தீராத கேஸ்' என்று எழுதி வைக்கப்பட்டவர்கள். மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர் ஒவ்வொருவரையும் முறையாகப் பரிசோதித்தார். எழுந்திருக்கக்கூடியவர்களை எழுப்பினார், நாற்காலி போட்டார், கைப்பிடி வைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீட்டுக்கே திரும்பினார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறையே அந்த வார்டுகளிலிருந்து பிறந்தது என்பார்கள். இந்தியாவில் அந்தத் துறைக்கான முதல் புறநோயாளிப் பிரிவு சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான், 1978-இல், டாக்டர் வி. எஸ். நடராஜன் முயற்சியில் தொடங்கியது. இப்போது கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே ஒரு தேசிய மையம் 2024 முதல் இயங்குகிறது.

முதல் நாள் என்ன நடக்கும்?

பயிற்சி என்றதும் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். அந்தப் பெண் முதலில் கேள்விதான் கேட்டார். விழுவதற்கு முன் பெரியம்மா எவ்வளவு தூரம் நடப்பார்? தனியாகவா, சுவரைப் பிடித்தா? வீட்டில் படி உண்டா? கைப்பிடி எந்தப் பக்கம்? கழிவறை இந்தியன் டைப்பா, வெஸ்டர்னா? கட்டிலில் படுப்பாரா, பாயிலா? கண்ணாடி போடுவாரா? நான் பாதிக்குத் தெரியாது என்றேன். கூட இருப்பவர்கள் இந்தப் பதில்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இலக்கே அதை வைத்துத்தான் முடிவாகிறது. வாசலுக்கு மூன்று படி உள்ள வீட்டுக்குப் போகிறவர் மூன்று படி ஏறப் பழக வேண்டும். மாடி வீட்டுக்காரருக்கு வேறு கணக்கு.

அப்புறம் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று நர்ஸிடம் கேட்டார். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு எழுப்பினால்தான் உடல் ஒத்துழைக்கும். முதல் முறை வலித்துவிட்டால் அடுத்த முறை 'ஐயோ வேண்டாம்' என்று பயம் பிடித்துக்கொள்ளும். அதனால் மாத்திரை கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்து பிசியோ நேரம் வருமாறு பேசி வைத்துக்கொள்வது ஒரு நல்ல உத்தி.

எழுப்புவதிலும் படிகள் உண்டு. முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக் கொஞ்ச நேரம். அப்புறம் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைப்பது. இங்கே அவசரமே கூடாது. நாள்கணக்கில் படுத்திருந்தவர் நிமிர்ந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கும், மூளைக்குப் போவது குறையும், கண் இருட்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சரிவு. பெரியம்மாவுக்கு உட்கார்ந்ததுமே வியர்த்தது. 'கொஞ்சம் கால ஆட்டிக்கிட்டே இருங்கம்மா, என்னையே பாருங்க' என்று சொல்லி, இரண்டு நிமிடம் பொறுத்து, மறுபடி பிரஷர் பார்த்த பிறகுதான் அடுத்தது. அன்றைக்கு நின்றதே அரை நிமிடம்தான். எனக்கு 'இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்றிருந்தது. பிசியோ முகத்தில் மட்டும் அவ்வளவு சந்தோஷம்.

நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். நாம் செய்வது என்ன? பெரியவரின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து மேலே தூக்குகிறோம். அவர் பின்னால் சாய்கிறார், நம் முதுகு போகிறது, அவர் தோள் வலிக்கிறது. பக்கவாதம் வந்தவராக இருந்தால் அந்தப் பக்கத் தோள்மூட்டே நழுவிவிடும். பிசியோ காட்டிய முறை வேறு. முதலில் இருக்கையின் முன்விளிம்புவரை நகர்ந்து வர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துத் தரையில் பதிக்க வேண்டும். இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியிலோ மெத்தையிலோ ஊன்ற வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழ்ந்து மேலேயே வரும். இப்போது கீழே விழுந்த சாவியை எடுக்கப் போகிறவர்போல முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் உடம்பின் எடை பாதத்துக்கு வந்துவிடும், பின்பகுதி தானாக இருக்கையிலிருந்து கிளம்பும். அப்போது அழுத்தி நிமிர வேண்டும். நாம் செய்ய வேண்டியது பக்கத்தில் நின்று இடுப்பை அணைத்தாற்போல் பிடித்துக்கொள்வது மட்டும். பெரியம்மா மாதிரி இடுப்பு மூட்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கு மட்டும் இதில் சின்ன மாற்றம் உண்டு: ஆபரேஷன் ஆன காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்து, அதிகம் குனியாமல், கையின் பலத்தில் எழ வேண்டும். எந்த வழியாக மூட்டைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து விதிகள் மாறும், சர்ஜனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஒன்றை மட்டும் ஒரு நாளில் நாலைந்து வேளை, ஒவ்வொரு வேளையும் ஐந்து முறை செய்தால், மெஷின் இல்லாமலே தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வாக்கர் விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கப்போட்டால் மணிக்கட்டு மடியும் இடம் எதுவோ, அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். வாடகைக்கோ கடையிலோ வாங்கிவந்த உயரத்தில் அப்படியே விட்டுவிடுகிறோம். கால்களில் உள்ள பட்டனை அழுத்தி ஏற்றி இறக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நடக்கும்போது வாக்கர் முதலில், வலிக்கிற கால் அடுத்து, நல்ல கால் கடைசியில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி என்றால் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இடதுகால் வலிக்கு இடதுகையில் தடி பிடித்துச் சாய்ந்து நடப்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள், பாவம், யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மீதி இருபத்து மூன்றரை மணி நேரம்

பிசியோதெரபிஸ்ட் ஒரு நாளைக்கு ஒரு தடவை, போனால் போகிறது என்றால் இரண்டு தடவை, இருபது நிமிடம் வருவார். அவருக்கு அந்தத் தளத்தில் இன்னும் பல கட்டில்கள் உண்டு. அவர் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், வார்டில் சேர்வதற்கு முன் நன்றாக நடந்துகொண்டிருந்த 45 முதிய நோயாளிகளின் உடலில் சிறு உணர்கருவி கட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி நேரத்தில் நூற்றுக்கு 83 பங்கு படுத்தே இருந்தார்கள். நின்றதும் நடந்ததும் சேர்த்து நாளைக்கு 43 நிமிடம்தான். பெரும்பாலோருக்கு இது நடக்க முடியாததால் இல்லை. கையில் டிரிப்ஸ், ஒரு பக்கம் யூரின் பேக், மூக்கில் ஆக்சிஜன் ட்யூப். கட்டிலோடு கட்டிப்போட்டதுபோலத்தானே? டிரிப்ஸ் ஸ்டாண்டுக்குச் சக்கரம் இருக்கிறது, யூரின் பேக்கை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நடக்கலாம். 'இந்த கேத்தீட்டர் இன்னும் தேவையா டாக்டர்?' என்று காலை ரவுண்ட்ஸில் ஒரு வார்த்தை கேட்பது உடன் இருப்பவரின் உரிமை. பல நேரம் 'எடுத்துடலாமே' என்பார்கள்.

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் வார்டுகளில் நோயாளியோடு எப்போதும் வீட்டு ஆள் ஒருவர் இருப்பார். அந்த ஆள்தான் பிசியோவின் இரண்டாவது கை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 'நீ படுத்துக்கோம்மா, நான் ஊட்டிவிடுறேன்.' 'பாத்ரூம் எல்லாம் போக வேண்டாம், பெட்பேன் வைக்கச் சொல்றேன்.' பார்க்க வருபவர்களும், 'என்னது, இந்த வயசுல நடக்க வைக்கிறாங்களா!' என்று ஒரு பாட்டம் வருத்தப்பட்டுவிட்டு, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுப் போவார்கள். பெரியம்மா விஷயத்தில் நானும் இதைச் செய்தவன்தான். அவர் தலை வாரிக்கொள்ளச் சீப்பைக் கேட்டபோது நானே வாங்கி வாரிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த பிசியோ சீப்பைத் திரும்ப அவர் கையில் கொடுத்தார். கை மேலே போவதும் பயிற்சிதான்.

அதனால் தனியாகப் 'பயிற்சி' என்று நினைக்க வேண்டாம். மூன்று வேளையும் சாப்பாடு நாற்காலியில் உட்கார்ந்துதான் என்று ஒரு விதி வைத்தாலே, நாளைக்கு மூன்று முறை எழுந்து உட்கார்ந்ததாகிவிடும். முடிந்தால் கழிவறைக்கு நடந்து, முடியாவிட்டால் கட்டிலருகே கமோட் நாற்காலி. பெட்பேன் கடைசி வழி. வந்தவர்களை நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது, நைட்டியை மாற்றிப் பகலில் சேலை கட்டிக்கொள்வது எல்லாம் இதில் சேரும். சேலை கட்டியதும் பெரியம்மா முகமே மாறியது. 'நான் நோயாளி' என்ற தோரணை அன்றைக்குப் போனது.

தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இருபது நிமிடம், நடையும், தசைக்குப் பாரம் கொடுக்கும் எதிர்ப்புப் பயிற்சியும், சமநிலைப் பயிற்சியும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் பார்த்தார்கள். 370 நோயாளிகள், சராசரி வயது 87. ஐந்திலிருந்து ஏழு நாள்தான். குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களுக்கு 100 மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் சேர்ந்தபோது இருந்ததைவிட 5 மதிப்பெண் இழந்து வீடு போனார்கள். பயிற்சி செய்தவர்கள் இழக்கவில்லை. ஏறக்குறைய 2 கூடியிருந்தது. 2019-இல் வந்த முடிவு இது. 87 வயதில், நோயோடு, ஒரே வாரத்தில்.

மனசுக்கும் இதில் பங்குண்டு. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ராத்திரி திடீரென்று 'யாரு நீ, எங்க கூட்டிட்டு வந்த' என்று பேச ஆரம்பிப்பார்கள், ட்யூபைப் பிடுங்குவார்கள். அந்தக் காலத்தில் 'சன்னி கண்டுடுச்சு' என்பார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று வீடே அழும். பெரும்பாலும் அது தற்காலிகக் குழப்பம். காரணத்தைத் தேடிச் சரிசெய்ய டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். 1999-இல் அமெரிக்காவில் 852 முதிய நோயாளிகளிடம் எளிய ஏற்பாடுகளைச் செய்து பார்த்தார்கள்: அடிக்கடி நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக் கருவியும் கையில் இருப்பது, தண்ணீர் கொடுப்பது, ராத்திரி தூங்க விடுவது, பேச்சுக் கொடுப்பது. இந்தக் குழப்பம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள். வீட்டிலிருந்து ஒரு பை எடுத்துப் போகிறீர்கள் என்றால் பெரியவரின் மூக்குக்கண்ணாடியையும் நழுவாத செருப்பையும் முதலில் போடுங்கள். வார்டுத் தரையில் சாக்ஸோடு நடப்பது கண்ணாடியில் நடப்பது மாதிரி.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வார்த்தை. கஞ்சி, ரசம் சாதம், பிரட், பிஸ்கட் என்று நோயாளிச் சாப்பாடாக நாம் கொடுப்பதில் புரதம் சொற்பம். நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை வேண்டும் என்கிறார்கள். ஐம்பது கிலோ எடைக்கு 60 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

எப்போது கூடாது?

எழுப்புவது நல்லது என்று படித்துவிட்டு, எல்லாரையும் உடனே எழுப்பி ஓடவிடக் கூடாது. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று இதற்குப் பாடம். பக்கவாதம் வந்த 2104 பேரில் ஒரு பாதிப் பேரை 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, அதிகமாகவும் அடிக்கடியும் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், நன்றாகத் தேறியவர்கள் அந்தக் குழுவில்தான் சற்றுக் குறைவு. பிறகு அதே கணக்கை அலசியதில், நீண்ட நேரம் ஒரே மூச்சில் செய்வதைவிட, கொஞ்ச நேரம் பல முறை செய்ததே நல்லது என்று தெரிந்தது.

நெஞ்சுவலி, அதிக மூச்சுத்திணறல், அளவுக்கு மீறிய இதயத் துடிப்பு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இன்னும் சரிசெய்யப்படாத எலும்பு முறிவு இவை இருக்கும்போது யாரும் சுயமாக எழுப்பக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அந்தக் காலைப் பிடித்துவிடவோ எண்ணெய் தேய்க்கவோ வேண்டாம், நர்ஸைக் கூப்பிடுங்கள். முதல் முறை எழுப்புவது எப்போதும் பிசியோ அல்லது நர்ஸ் கையால் நடக்கட்டும். 'இனி நாங்களே எழுப்பலாமா, எத்தனை பேர் பிடிக்கணும்?' என்று கேட்டு வைத்துக்கொண்டால் மீதி நாளுக்கு வழி தெரிந்துவிடும்.

வீட்டுக்குப் போகும்முன்

டிஸ்சார்ஜ் நாளில் பில், மருந்துச் சீட்டு, ஆட்டோ என்று பரபரப்பில் பிசியோவை மறந்துவிடுவோம். முந்தின நாளே பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியம்மாவை நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி கைப்பேசியில் நேரம் பார்த்தார். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று ஒரு பொதுக் கணக்கு. பெரியம்மாவுக்கு 31 ஆனது. அதனால் வாக்கர், ஆள் துணை, ராத்திரி விளக்கு என்று முடிவானது.

நம் வீடுகளுக்கென்று உள்ள சிக்கலை எந்த வெளிநாட்டுக் கையேடும் சொல்லாது. தரையில் சம்மணம் போட்டு உட்காருவது, பாயிலிருந்து எழுவது, இந்தியன் டைப் கழிவறையில் குந்துவது மூன்றிலுமே இடுப்பு மூட்டு செங்கோணத்துக்கு மேல் மடங்கும். மூட்டு மாற்றியவர்களுக்கு, குறைந்தது ஆரம்ப வாரங்களிலாவது, அது கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். குழி கழிவறை மேல் வைக்கும் ஸ்டூல் மருந்துக் கடைகளிலும் சர்ஜிக்கல் கடைகளிலும் கிடைக்கிறது. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, அதுவும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. டவல் கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு சேர்ந்து விழ வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி தொடர வேண்டும், ஆனால் தினமும் தனியார் ஆளை வரவழைக்க எல்லாராலும் முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் அடக்கம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் திட்டம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பெரியம்மா இன்னும் வாக்கரோடுதான் நடக்கிறார், தெருமுனைக் கோயில்வரை. வாக்கரின் நான்கு காலிலும் அடியில் ரப்பர் புஷ் இருக்கும். அதிலுள்ள கோடுகள் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும், உடனே மாற்ற வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பியிருந்தார். இதுவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. மூன்று பந்து ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.